மூடி திறக்காமல் போட்ட மார்க்கு

கரையான்சாவடி,
12.8.1996

அன்புள்ள உலகநாதனுக்கு,

கலியமூர்த்தி எழுதுவது. நானும் லோகநாயகியும் நலம். லீட்ஸில் நீயும் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். இம்மாதம் இரண்டாம் தேதி நான் அனுப்பிய தாள் உனக்கு வந்திருக்கும். அதைக் கிழித்துப் போடு. நீ அங்கே காய்ச்சி அனுப்பிய பீரைக் குடிக்காமலே எழுதியது அது.

உன் மைத்துனர் கோதண்டம் இரண்டு பாட்டிலையும் ஸ்வெட்டருக்குள் சுற்றிப் பத்திரமாகத்தான் கொண்டுவந்தார். கூடவே, நம் அம்பத்தூர் பார்லி மால்ட் கம்பெனியில் ருசி பார்த்து நாம் நிரப்பிய அதே ஆறு கட்டத் தாள், உன் கையெழுத்தில். "கலியமூர்த்தி நாக்கு சரின்னா சரின்னு மச்சான் அங்க எல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறாரு சார். நீங்க வேணாம்னு எழுதினா இந்தச் செவப்பு 'ஏல்' பீரு காய்ச்சறதையே உட்டுருவாராம்" என்றார். எனக்கு அது குளிர்ந்திருக்க வேண்டும். எரிந்தது. என்னை மேனேஜரிடம் மாட்டிவிட்டுப் போனவனுக்குப் பதினோரு வருடம் கழித்து என் நாக்கு வேண்டியிருக்கிறதா என்று நினைத்தேன். பாட்டில்களைப் பரணில் போட்டேன். நிறம் கலங்கல், மணத்தில் தீய்ந்த வாடை, திகட்டும் இனிப்பு, விற்பனைக்கு லாயக்கில்லை என்று ஆறு கட்டத்தையும் அரைமணியில் நிரப்பினேன். தபாலில் போட்டவள் லோகநாயகி. குடித்துப் பார்த்தேன், சுமார்தான் என்று அவளிடமும் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் பரண் துடைக்க ஏறினாள். "இன்னாங்க, ரெண்டு பாட்டிலும் மூடி தொறக்காமலே கீது? அப்போ அந்த மனுசனுக்கு இன்னாத்த எழுதி அனுப்பினீங்க?" என்று மேலிருந்தே கேட்டாள். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனேன். மணி அடித்தது. நீ ஹலோ என்றாய். வைத்துவிட்டேன். "லைன் கட்டாயிடுச்சா சார்? இன்னொரு தபா போடட்டுமா?" என்றார் பூத்துக்காரர். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நேற்றுதான் திறந்தேன். நம் விதிப்படி காலையிலிருந்து காபி இல்லை. வெந்நீரில் வாய் கொப்பளித்தேன். பாட்டிலை ஈரத்துணி சுற்றி வைத்திருந்தேன். லோகநாயகி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதிக்கொள்.

நிறம், முதல் டிகாக்‌ஷனை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஓரத்தில் தெரியுமே, அந்தச் சிவப்பு. கலங்கல் துளியும் இல்லை. நுரை பாலாடை நிறத்தில் எழும்பி, அவசரப்படாமல் அடங்கியது. மூக்கருகே கொண்டுபோனதும் நம் வறுவல் ஷெட்டில் மதிய ஷிப்டு மால்ட் இறங்கும்போது வரும் மணம். உலகநாதா, அந்த ஷெட்டை நீ அங்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாய். பின்னால் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளிய வாசனை. நாக்கில் முதலில் வெல்லப்பாகு. நடுவில் ஒன்றுமில்லை என்று ஏமாற்றிவிட்டு அடிநாக்கில் வெந்தயக் கசப்பு. ஆல்கஹால் ஏழரை சதவீதம் என்று எழுதியிருந்தாய். தொண்டையைச் சுடவில்லை, நெஞ்சுக்கு இறங்கியபிறகுதான் தெரிந்தது. ஒரே குறை, விழுங்கியபின் இனிப்பு இரண்டு விநாடி அதிகம் நிற்கிறது. கருக வறுத்த மால்ட்டை ஒரு கைப்பிடி கூட்டிப் பார். மற்றபடி கை வைக்காதே.

லோகநாயகியும் பாட்டில் மூடியில் அரை மூடி வாங்கிக் குடித்து, "கசக்குது. ஆனா வாய் இன்னொருக்கா கேக்குது" என்றாள். அதையும் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. எண்பத்தைந்தில் நீ மேனேஜரிடம் சொன்னது உண்மை. அன்று எனக்குச் சளி. எதுவும் ருசிக்கவில்லை. லீவு கேட்டால் சூப்பர்வைசர் பதவி நம் ஷிப்டு கஜபதிக்குப் போய்விடும் என்று பயந்து, பதினான்கு மால்ட் மாதிரிக் கிண்ணத்துக்கும் வாயில் வைக்காமலே 'சரி' என்று ரெஜிஸ்தரில் எழுதினேன். நீ பார்த்துவிட்டாய். பதவி எப்படியும் போயிற்று. பொறாமையில் கோள் சொன்னாய் என்று எல்லாரிடமும் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். லோகநாயகி இன்றுவரை உன் பெயரைச் சொல்லாமல் 'அந்த மனுசன்' என்பது அதனால்தான். இந்தத் தடவை பார்க்க நீ இல்லை. அவள் பார்த்துவிட்டாள்.

இருபத்தைந்தாம் தேதி அடுத்த தொட்டி பீர் காய்ச்சப்போவதாக எழுதியிருந்தாய். அதற்குள் இது கிடைக்க வேண்டும் என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். தொட்டியை நிறுத்திவிடாதே. எனக்குப் பதில் எழுத மனமில்லையென்றால் எழுத வேண்டாம். அது மட்டும் நன்றாக நுரைத்துப் பொங்கட்டும்.

இதையும் தபாலில் போடப்போகிறவள் லோகநாயகிதான். உறையை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கிறேன். ஒட்டியிருந்தால், அவள் படித்துவிட்டு ஒட்டினாள் என்று தெரிந்துகொள்.

நீ நம்பிய நாக்குக்காரன்,
கலியமூர்த்தி