இரண்டு கட்டை கீழே

மார்ச் 4, செவ்வாய்

இந்த வாரம் மூன்றாவது விமர்சகனும் அதே வார்த்தையை எழுதிவிட்டான். முதிர்ச்சி. "இருபத்தைந்து ஆண்டுகளில் இந்தக் கோதிக் மெட்டல் ராக் குழுவின் இசை இருண்டு, கனத்து, ஆழம் கண்டிருக்கிறது." ஆழமாவது மண்ணாவது! என் தொண்டை இறங்கியது, என் பின்னாலேயே அத்தனை பேரும் இறங்கினார்கள். அவ்வளவுதான் கதை.

முதல் ஆல்பத்தில் அண்ணன் மிருகம் மாதிரி உறுமுவான், நான் உச்சியில் பாடுவேன். நாற்பது வயதில் எனக்கு மேலே எட்டவில்லை என்றதும் அரைக் கட்டை சுருதி குறைத்தோம். நாற்பத்தைந்தில் இன்னொரு கட்டை. போன வருஷம் இன்னும் அரை. கிட்டார் கம்பியைத் தளர்த்தினால் சத்தம் தடிக்கும். தடித்த சத்தம் வேகமாக ஓடாது, பாட்டும் மெதுவாகிவிடும். அதற்குப் பெயர் முதிர்ச்சியாம். எனக்கு அம்பத்திரண்டு வயசுடா, அதுக்குப் பேரு வயசு.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டில் கூட்டம். அண்ணி (கீபோர்டு அவள்தான்) டீ போட்டாள். அடுத்த மாதம் நடக்கும் கச்சேரியை அப்படியே பதிவு செய்து லைவ் ஆல்பமாக வெளியிடப் போகிறோம். எல்லாப் பாட்டும் இப்போதைய சுருதியில். கடைசிப் பாட்டு மட்டும், 'உப்புக் கல்லறை', இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அதே சுருதியில், அதே வேகத்தில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பாட்டின் கடைசி வரியில் பன்னிரண்டு விநாடி ஒரே சுரத்தில் உச்சியில் நிற்க வேண்டும். முதல் ஆல்பத்திலேயே நான் ஒழுங்காக நிற்கவில்லை. அப்போது வயிற்றில் ஆறு மாதம். பாதி சுரத்தில் பையன் உள்ளேயிருந்து ஓர் உதை விட்டான், நான் நடுவில் மூச்சு எடுத்துவிட்டேன். திரும்பப் பாடச் சொன்னான் அண்ணன். "நாளைக்கு வயிறு சின்னதாவா ஆகப் போகுது, இருக்கட்டும் விடு" என்றேன். அந்த மூச்சோடுதான் ஆல்பம் வந்தது. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அந்த இடத்தில் நான் மூச்சு எடுத்ததில்லை. சுருதி இறங்கினாலும் மூச்சு இறங்கவில்லை. எனக்கென்று மிச்சம் இருக்கும் ஒரே திமிர் அது.

முடியாது என்றேன். "உன்னால முடியும். நான் சொல்றேன்ல" என்றான் அண்ணன். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து பத்து வருஷம் இருக்கும். அதிலேயே குளிர்ந்துபோய், இளித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

ஒத்திகை. டிரம்ஸ் வாசிக்கும் இடி (நாங்கள் வைத்த பட்டப்பெயர்) காதில் கிளிக் மாட்டியிருந்தான். தாளம் ஓடிவிடாமல் காதுக்குள் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே இருக்கும் சத்தம் அது. அதை மாட்டவே மாட்டேன் என்று இருபத்தைந்து வருஷமாகச் சண்டை போட்டவன் இவன். "என் கைக்கு எவனும் வாத்தியார் வேண்டாம்" என்பான். இன்றைக்குக் கடைசிப் பாட்டுக்கு மட்டும் பூனைக்குட்டி மாதிரி மாட்டிக்கொண்டான். என்னடா என்று கேட்டால், ரெக்கார்டிங் ஆச்சே என்று மென்று முழுங்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசி வரி வந்ததும் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினான். தொண்டையைப் பாழாக்காதே, மேடைக்கு வைத்துக்கொள் என்றான். என்ன கரிசனம்!

மார்ச் 30, ஞாயிறு

குளியலறையில் அந்தச் சுரம் வந்தது. நான்கு விநாடி. மிச்சம் எட்டு விநாடிக்கு எங்கே போவது?

ஏப்ரல் 12, சனி

இன்றைக்கு. பையன் வருகிறான். பிறந்ததிலிருந்து ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை, அம்மா கறுப்பு கவுன் போட்டு மேடையில் நிற்பது அவனுக்கு வெட்கம். இன்றைக்கு அவனாகவே டிக்கெட் வாங்கியிருக்கிறான். அவன் முன்னால் மானம் போகாமல் இருந்தால் போதும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

உடைந்துவிட்டது.

மற்றப் பாட்டெல்லாம் சரியாகத்தான் போயின. கடைசி வரியில் ஏறினேன், இரண்டாவது விநாடியிலேயே குரல் இரண்டாகக் கிழிந்தது. எங்கள் எல்லோர் காதிலும் அவரவருக்குக் கருவி உண்டு, காதை முழுசாக அடைத்துக்கொள்ளும். என் காதில் என் குரல்தான் பெரிதாக இருக்கும், அதனால் அந்தக் கிழிசலை முழுசாகக் கேட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பென்று அடிக்குரலுக்கு இறங்கி, அங்கேயே முனகிக்கொண்டு பன்னிரண்டு விநாடியையும் ஓட்டினேன். மூச்சு எடுக்கவில்லை. புகை மெஷினுக்குப் புண்ணியம், முகம் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் அந்த இடத்தில்தான் கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. ஏன்?

உடை மாற்றும் அறைக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தச் சுரத்தைப் பற்றியே பேசினார்கள். அண்ணி கட்டிப்பிடித்தாள். பையன் கண் சிவந்து நின்றான். "அந்த இடத்துல அழுதுட்டேன்மா" என்றான். இரக்கப்பட்டுச் சொல்கிறான் என்று நினைத்தேன். இவன் பொய் சொல்லத் தெரியாதவன் ஆயிற்றே?

ஏப்ரல் 15, செவ்வாய்

வேலைக்குப் போனேன். கண் மருத்துவமனையில் டோக்கன் எண் கூப்பிடுகிற வேலை. நூற்றிப் பதினேழு, மூன்றாம் அறை. நூற்றிப் பதினெட்டு, சொட்டு மருந்து. இதற்கு இந்தக் குரல் தாராளம்.

மே 6, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

பதிவானதையெல்லாம் கலந்து சேர்த்த மிக்ஸைக் கேட்கக் கூப்பிட்டிருந்தார்கள். மிக்ஸ் பண்ணுகிறவர் வழுக்கைத் தலை, நல்ல மனுஷன், யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர். அண்ணன் சோபாவில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கடைசிப் பாட்டு. கடைசி வரி. ஸ்பீக்கரில் ஒரு குரல் ஜிவ்வென்று மேலே ஏறி, அங்கேயே நின்றது. கிழியவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. வந்துதான் இருக்கிறது, எனக்குத்தான் காது கெட்டுப்போச்சு என்று ஒரே ஒரு விநாடி சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் நடுவில் மூச்சு.

அந்த மூச்சு. சின்னதாய், திடுக்கிட்டு எடுத்தது. அது என் மூச்சுதான். இந்த வருஷத்து மூச்சு இல்லை.

எல்லாம் புரிந்துவிட்டது. முதல் ஆல்பத்திலிருந்து என் குரலை மட்டும் தனியாகப் பிரித்து ஓட விட்டிருக்கிறான் அண்ணன். அதற்குத்தான் பழைய சுருதி. அதற்குத்தான் பழைய வேகம். அதற்குத்தான் இடியின் காதில் கிளிக். மண்டபத்து ஸ்பீக்கருக்கு அந்தப் பாட்டு நெடுக என் மைக்கே போகவில்லை. இரண்டாயிரம் பேருக்கு அந்த ஆல்பத்துக்காரி, அவள், பாடினாள். என் காதில் மட்டும் நான். மேடையில் எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது!

"எப்படிடா மனசு வந்துச்சு?" என்று கேட்டேன்.

"உன்னைக் காப்பாத்தத்தான். உடைஞ்சுதா இல்லையா நீயே சொல்லு" என்றான்.

மே 7, புதன்

இருபத்தேழு வயசில் நான் பாடியது இன்றைக்கு வந்து என் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனக்கு நானே சக்களத்தி. எந்தக் குடும்பத்தில் நடக்கும் இந்தக் கூத்து?

மே 10, சனி

இடி காலையிலேயே வந்து வாசலில் நின்றான், பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு. சொல்லியிருக்கணும் என்றான். ஆமாம், சொல்லியிருக்கணும் என்றேன். அவன் வண்டியிலேயே ஸ்டூடியோவுக்குப் போனோம். அண்ணன், அண்ணி, பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், மூவரும் அங்கே இருந்தார்கள்.

என் மைக்கில் பதிந்தது தனியாக இருக்குமே, அதைப் போடுங்கள் என்று வழுக்கைத் தலையரிடம் கேட்டேன். அண்ணனைப் பார்த்தார். நான் இங்கே இருக்கிறேன் என்றேன். போட்டார்.

கிழிந்தது. நன்றாகவே கிழிந்தது. அப்புறம் அந்த முனகல் - நான் அவமானத்தில் இறங்கிப் பாடியது. அது முனகல் இல்லை. எனக்கு அப்படி ஒரு கீழ்க்குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. மிச்சப் பத்து விநாடியும் தரையோடு தரையாக ஊர்ந்துபோகிறது, ஒரு மூச்சு கூட இல்லை. கிழிசலுக்குப் பிறகு வருவதால்தான் அதற்கு அந்தக் கனம். இடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். வழுக்கைத் தலையர் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இதைப் போடு என்றேன். கிழிசலோடு போடு. லைவ் என்றால் அன்றைக்கு நடந்ததுதானே?

அண்ணன் காலாட்டுவதை நிறுத்தினான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஆனா அன்னைக்கு வந்தவங்க கேட்டது இது இல்லையே. அவங்க கேட்டதைத்தானே நான் போட முடியும்?"

படுபாவி, அதுவும் சரிதானே. அவர்கள் கேட்கவே இல்லையே என்னை. ஆல்பத்தின் அட்டையிலாவது உண்மையை எழுது என்றேன். எழுதினால் ஊர் சிரிக்கும், உன் பேர்தான் கெடும் என்றான். ஓட்டுக்கு விட்டான். அண்ணி அவன் பக்கம், பேஸ் வாசிக்கிறவன் அவன் பக்கம். இடி கை தூக்கவில்லை, எந்தப் பக்கமும்.

இனிமேல் மேடை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

மே 11, ஞாயிறு

பையனிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அப்ப நான் அழுதது யாருக்கும்மா?" என்றான்.

"உனக்கே உனக்குத்தான்டா. நீ உதைச்ச உதைக்கு நான் எடுத்த மூச்சு அது."

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆல்பம் வந்துவிட்டது. முதிர்ச்சிக்காரன்தான் முதலில் எழுதினான். "இறுதிப் பாடலில் பாடகியின் குரல் கால் நூற்றாண்டுக்குப் பின்னும் மயிரிழைகூட மாறாமல்..." அதற்கு மேல் படிக்கவில்லை.

மருத்துவமனைக்கு எங்கள் குழுவின் சட்டை போட்ட ஓர் ஆள் வந்திருந்தார், நடுத்தர வயது, காதில் ஹெட்போன். எண்பத்தி நாலு, எண்பத்தி நாலு என்று தொண்டைத் தண்ணி வற்றக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. எழுந்துபோய்த் தோளைத் தொட்டேன். சாரி மேடம், ஒரு நல்ல பாட்டு என்றார்.

செப்டம்பர் 3, புதன்

அண்ணன் போன். சுற்றுப்பயணம், பதினோரு ஊர். கோபம் தணிந்ததா, நீ இல்லாமல் எப்படி என்றான். குரல் குழைந்தது. நிஜமாகவே குழைந்ததா, தெரியவில்லை. கேட்டதும் எனக்குள் ஏதோ இளகியது, அதனாலேயே இன்னும் எரிச்சல்.

"நான் எதுக்கு? அதான் அவ இருக்காளே, அவளைக் கூட்டிட்டுப் போ" என்று வைத்துவிட்டேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டதாக ஒரு திருப்தி.

செப்டம்பர் 16, செவ்வாய்

அண்ணி வந்தாள். சோபா நுனியில் உட்கார்ந்து, நான் கொடுத்த டீயை ஆறவிட்டாள். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், கடைசியில் சொன்னாள். நான் சொன்ன யோசனையை அண்ணன் எடுத்துக்கொண்டானாம்.

என்ன யோசனை?

அவளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதுதான். அதைப் போய் யோசனை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான்! பழைய ஆல்பங்களிலிருந்து என் குரலையெல்லாம் பிரித்தாகிவிட்டது. மேடை நடுவில் முகத்திரை போட்டு ஒரு பெண்ணை நிற்க வைப்பார்களாம், அவள் வாயைக்கூட அசைக்க வேண்டாமாம். எல்லாப் பாட்டும் பழைய சுருதிக்கே திரும்புகிறது. டிக்கெட் முழுக்கப் போய்விட்டதாம். இடி மட்டும் கிளிக் மாட்ட முடியாது என்று விலகிவிட்டான்.

"உன் கறுப்பு கவுன் வேணுமாம்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஜனங்களுக்கு அதுதான் அடையாளமாம்."

தருகிறேன், வியாழக்கிழமை ஆள் அனுப்பு என்றேன். அவளே எதிர்பார்க்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

விடுப்பு போட்டேன். கவுனை மேஜையில் விரித்தேன். இடுப்பில் மூன்று தடவை பிரித்துத் தைத்த தடம் இருக்கிறது. நாற்பதில் ஒன்று, நாற்பத்தைந்தில் ஒன்று, போன வருஷம் ஒன்று. சுருதி இறங்கிய அதே வருஷங்கள், இன்றைக்குத்தான் கவனித்தேன். நிற்கப்போகிற பெண் குச்சி மாதிரி இருப்பாளாம். சரி, அவள் அளவுக்கே பிடித்துத் தைத்துக் கொடுத்துவிடலாம், எதற்குக் குறை வைப்பது என்று ஊசியில் நூல் கோத்தேன். வாய் தன்பாட்டுக்கு 'உப்புக் கல்லறை'யைப் பாடிக்கொண்டிருந்தது, இரண்டு கட்டை கீழே. கடைசி வரியைப் பன்னிரண்டு விநாடியும் இழுத்தேன். மூச்சு எடுக்கவில்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. ஊசியைக் குத்தி வைத்துவிட்டேன். கவுனை மடித்துப் பையில் போட்டு, வந்த ஆளிடம் அப்படியே கொடுத்தனுப்பினேன்.

நிற்கிறவள் குச்சி, பாடுகிறவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். இந்த அளவு இல்லாவிட்டால் அவளுக்கு இறுக்கிப் பிடிக்கும்.