முழங்காலில் கட்டிய மீன் ஐஸ்

ஏங்க,

உங்கள் முழங்கால் கொப்புளத்துக்கு மருந்து கேட்டுவர ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ரசமும் சோறும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கதவு சாத்தித்தான் இருக்கிறது, எழுந்திருக்க வேண்டாம்.

மூட்டுத் தேய்மானத்துக்கு ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் மட்டும் வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் நேற்று ஐஸ் கம்பெனியில் மீன் பெட்டிக்கு நொறுக்கிய ஐஸை வாங்கிவந்து, பிளாஸ்டிக் பையோடு வெறும் முழங்காலில் கட்டிவிட்டு, தெருப் பிள்ளைகளுக்குக் கதை சொல்ல உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம்! அவிழ்த்துப் பார்த்தால் குளிரில் தோல் வெந்து கொப்புளித்துக் கிடந்தது.

"ஏங்க கூப்பிடல?" என்றதற்கு, "பிள்ளைக வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சுக. கதை முடியட்டும்னு இருந்தேன்" என்றீர்கள். அதற்கும் உங்களைத்தான் திட்டினேன். தப்பு என்னுடையது.

கொப்புளத்தை உடைத்துவிடாதீர்கள். டாக்டரம்மா சொன்ன, கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிற பயிற்சியெல்லாம் புண் ஆறிய பிறகுதான்.

சவேரியம்மாள்

இன்னொன்று: அந்தக் கதையை நாற்பது வருஷமாகக் கேட்கிறீர்கள். நடுவில் ஒரு குரல் கொடுத்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். வருவேன் என்று உங்களுக்குத் தோன்றாதபடி இத்தனை வருஷமும் நடந்துகொண்டுவிட்டேனே.