மணலுக்குள் போன மாப்பிள்ளை

என்னாங்க,

போன இடத்தில் வேளைக்கு டீ கிடைக்கிறதா? உங்கள் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் கோமதியின் புருஷனைச் சொல்லவில்லை. அவர் தாம்பரத்தில் சுகம். தொட்டியில் இருக்கிற சங்கு நண்டைச் சொல்கிறேன். மகாபலிபுரத்தில் ஷோகேஸுக்கென்று சங்கு வாங்கினீர்கள். உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பைக்குள் ஒரு சங்கு நடக்க ஆரம்பித்தது. கடலிலேயே விட்டுவிட்டு வரலாம் என்றேன். கேட்டீர்களா? "வூடு தேடி வர்றாரு, மாப்ள" என்று சொல்லி, அதையே பேராகவும் வைத்தீர்கள்.

பேருக்கேற்ற உபசாரம்தான். குடிக்க நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், முங்கிக் குளிக்கக் கல்லுப்புத் தண்ணீர் ஒரு கிண்ணம். குழாய்த் தண்ணீர் என்றால் மருந்து வாசனை போகும்வரை வைத்திருந்துதான் ஊற்றணும். ஈரம் காய்ந்தால் அதற்கு மூச்சு முட்டுமாம், மணலுக்குத் தினமும் தெளிப்பீர்கள். பக்கத்தில் என் கறிவேப்பிலைச் செடி வாடியது மட்டும் உங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்தீர்கள். எனக்கு ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று குனிந்தேன். "மாப்ளய பாத்துக்கோ" என்றீர்கள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு வார்த்தை கிடையாதா?

உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்த மறுநாளே கோமதி ஆரம்பித்தாள். "வூட்ட பூட்டிக்கினு எங்கூட வந்துடும்மா."

"அப்பா நண்ட பாத்துக்கச் சொல்லிட்டாரே. பிளாட்ல அதுக்கு ஒத்துக்காது" என்றேன். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை. அதைச் சொன்னால் பிடிவாதம் என்பார்கள், நண்டைச் சொன்னால் கடமை என்பார்கள். நான் திட்டித் தீர்த்த நண்டுதான் எனக்குத் துணைக்கு வந்தது.

வந்த துணையும் காணாமல் போனது. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றே மணலுக்குள் புகுந்தது, எழுந்திருக்கவே இல்லை. பயந்து கரண்டியால் ஓரமாகக் கிளறினேன். ஒரு கால் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கூடு.

உங்கள் தங்கச்சி இந்திராணி என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கண்ணன் பின்னாலயே போயிடுச்சு பாரு. அதான் பாசம்." அந்தக் காலைக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்து, பால் தெளித்து, கற்பூரமும் ஏற்றினாள். உங்களுக்கு அழுதவர்களில் பாதிப் பேர் காலுக்கும் அழுதார்கள்.

"இனிமே இன்னாம்மா சாக்கு?" என்று கோமதி என் புடவைகளைப் பையில் அடுக்கினாள். அன்றைக்கு உங்களுக்காக அழுதேனா, நண்டுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

இந்திராணிக்குத் தொட்டி மேல் ஒரு கண், கோழிக்குஞ்சு விட. ஆனால் கருமாதி முடியும்வரை போனவர் பொருளைத் தொடக்கூடாது என்று எங்களை அதட்டியதும் அவள்தான். தொட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. நானும் பழக்க தோஷத்தில் வெறும் மணலுக்குத் தினமும் தண்ணீர் தெளித்தேன்.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் இந்திராணி மணலை அள்ளிக் கொட்ட அன்னக்கூடையோடு வந்தாள். கையை விட்டாள். அடுத்து நாங்கள் பார்த்தபோது வாசலில் நின்று விரலை உதறிக்கொண்டிருந்தாள். "அண்ணி, செத்தது கடிக்குது அண்ணி."

மணலிலிருந்து இரண்டு கண்கள் எழும்பின. மாப்பிள்ளை புதுக் கால், புது நிறத்தோடு ஏறி வந்தார்.

கோமதி போனில் தேடினாள். "சட்ட உரிச்சிக்கீதும்மா. புது ஓடு கெட்டியாவுற வரிக்கும் மண்ணுக்குள்ளயே கெடக்குமாம். உரிச்ச ஓட்டயும் அதுவே துன்னுமாம்." அப்போ, அவர் சாப்பாட்டைத்தான் பால் தெளித்துப் புதைத்திருக்கிறோம். அதற்கு ஈடாக முட்டை ஓட்டை இடித்துப் போடுகிறேன். உடம்பு பெருத்துவிட்டதென்று பெரிய சங்குகளும் வைத்தேன். ஒவ்வொன்றாக மீசையை விட்டுப் பார்த்து, ஒன்றில் குடியேறினார். அதற்குத் துறவி நண்டு என்று பேராம். நல்ல துறவி.

கோமதி கடைசியாக ஒன்று படித்தாள், குரல் இறங்கிப்போய். "நல்லா பாத்துக்கினா முப்பது வருசம்கூட இருக்குமாம்மா."

நான் எழுந்து புடவைகளை பீரோவில் திரும்ப அடுக்கினேன்.

எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபம் அப்போதுதான் இறங்கியது. நீங்கள் தெரிந்து செய்தீர்களா, தெரியாமலா? எப்படியோ, முப்பது வருஷத்துக்கு எனக்கு இந்த வீட்டில் வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

ஒரு நாளும் மணலைக் காய விடமாட்டேன். அதனால் அங்கே வர எனக்கு நேரமாகும். அதுவரைக்கும் டீயை நீங்களே போட்டுக் குடியுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளைக்கு மாமியார்,
உங்கள் பொண்டாட்டி,
கமலா