அறுநூறு வரைக்கும் இழுக்கிற லென்ஸ்

என் அன்புப் பவளம்,

நீர் போனபிறகும் மனதுக்குள் உம்மோடுதான் நாள்முழுக்கக் கதைக்கிறேன். இன்றைக்கு எழுதியே ஆகவேண்டிய ஒரு செய்தி. எங்கள் மகள் துளசி கடலில் பலகை மேல் ஏறி நிற்கிறாள். நம்புவீரோ?

பொத்துவில் பக்கம் வேலை பார்த்தபோது அலைச்சறுக்குப் பழகியிருக்கிறாள். இப்போது மாற்றலாகி எங்கள் கரவெட்டிக்கே வந்துவிட்டாள். மாரிகாலத்தில், பக்கத்து ஊரான மணற்காட்டில் கடல் எழும்பினால் பலகையோடு கிளம்பிவிடுவாள். கூட ஒருவன் போகிறான். பெயர் நிரோசன், அவளுக்குப் பழக்கினவன். அவள் இங்கே வந்த அடுத்த மாதமே அவனுக்கும் யாழ்ப்பாணத்தில் வேலை கிடைத்ததாம். அதெப்படி? நீரே சொல்லும்.

"ஆர் உவன்?" என்று கேட்டேன்.

"சிநேகிதன், அப்பா."

பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் அவளே, "உங்கடை கமராவாலை நான் அலையிலை நிக்கிறதை ஒரு படம் எடுத்துத் தாங்கோவன்," என்றாள். என்னிடமிருந்த லென்ஸில் கடலில் நிற்கும் ஆள் எறும்பளவுதான் தெரியும். தூரத்தை இழுத்துக் காட்டுகிற லென்ஸ் வாங்க யாழ்ப்பாணம் போனேன். அவளைப் படம் எடுக்க மட்டும்தானா போனேன்? உமக்குப் பொய் சொல்லி என்ன?

கடைக்காரத் தம்பி இரண்டை எடுத்து வைத்தான். ஒன்று நானூறு மில்லிமீற்றர் வரைக்கும் இழுக்கும், ஆரோ பாவித்த பழையது. மற்றது அறுநூறு, புதிது.

"ஐயா, அலை கரைக்குக் கிட்டத்தானே உடையும்? நானூறே காணும், அதுக்குமேலை தேவையில்லை. மற்றது பாரம், கை நடுங்கும். மாரி இருட்டுக்கும் நல்லா வராது."

விலை கூடினதை விட்டுவிட்டுப் பழையதை ஏன் என் தலையில் கட்டப் பார்க்கிறான்? கைப்பேசி வெளிச்சத்தைக் கண்ணாடிக்குள் அடித்துப் பூஞ்சணம் தேடினேன். இல்லை. வளையத்தைத் திருப்பினேன், மணல் நறநறக்கவில்லை. பாவித்த சாமான் இவ்வளவு சுத்தமாய் இருக்குமோ? அதுவும் சந்தேகமாயிருந்தது.

"அறுநூறையே தாரும், தம்பி," என்றேன். நானூறில் ஆள் தெரியும். அறுநூறில்தான் முகம் தெரியும்.

போன ஞாயிறு அவர்கள் இருவரும் கடலில் இறங்க, நான் மணற்காட்டில் மணல்மேட்டின் மேல் நின்றேன். அறுநூறுக்கு இழுத்தால் ஓராள்தான் படத்துக்குள் அடங்கும். நான் நிரோசனைப் பிடித்தேன். எங்கே பார்க்கிறான், என்ன சொல்கிறான். ஒருதரம் சிரித்தான். ஏன் சிரித்தான்? படங்களை எடுத்துத் தள்ளினேன்.

திடீரென்று அவன் முகம் மாறியது. பலகையில் குப்புறப் படுத்து, இரு கையாலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். அப்போதும் நான் அவன் பின்னாலேயே லென்ஸைத் திருப்பினேன், பவளம். கமராவை விட்டுக் கண்ணை எடுத்தபோதுதான் கண்டேன்: துளசியின் பலகை தலைகீழாய்க் கிடந்தது. அவளைக் காணவில்லை.

நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்குமுன் அவன் அவளைத் தூக்கித் தன் பலகையில் போட்டிருந்தான்.

கரையில் இருமி இருமித் துப்பினாள். "பயப்பிடாதீங்க அங்கிள், கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டா. அவ்வளவுதான்," என்றான் அவன். அவள் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான்.

மூச்சு வந்ததும் அவள் கமராவை வாங்கினாள். விழுவதற்கு முன் ஒரு நல்ல அலையில் எழுந்து நின்று வந்தாளாம். படங்களைத் தட்டிக்கொண்டே போனாள். எல்லாவற்றிலும் நிரோசன்.

"அப்பா, இதிலை நான் எங்கை?"

அவன் எட்டிப் பார்த்துவிட்டுப் பலகைகளைக் கழுவப் போனான்.

அடுத்தநாள் தேத்தண்ணி தரும்போது துளசி கேட்டாள். "அவரைப் பற்றி அறியோணுமெண்டா என்னட்டைக் கேளுங்கோ. ஏன் ஒளிச்சிருந்து பாக்கிறியள்?"

கேட்டேன். இருவருக்கும் கலியாணம் கட்ட விருப்பமாம். அவன் இங்கே வேலை தேடி வந்ததும் அதற்காகத்தானாம். உம்மிடமென்றால் முதல்நாளே சொல்லியிருப்பாள், இல்லையா?

சந்தேகம் முழுதாய்ப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். என் குணம் உமக்குத் தெரியும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். வாற ஞாயிறும் மணற்காட்டுக்குப் போவேன். துளசி எழும்பி நிற்கிற அலையை எடுத்துவந்து உமது படத்துக்குப் பக்கத்தில் வைப்பேன். அவனும் அதற்குள் வந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
துளசியின் அப்பா, உம்முடைய அவர்