ரகீமா அக்காவின் தையல் மெசின்

அன்புள்ள அண்ணைக்கு,

நாட்டின் மனந்திரும்புதலுக்காக நடந்த உபவாச ஜெபத்தில் போதகர் பிறருடைய பாவங்களையே அடுக்கினார். நான் எழுந்தேன்.

"தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுத் துரத்தேக்கை நாங்கள் வாய் திறக்கேல்லை. பக்கத்து வீட்டு ரகீமா அக்காவின்ரை தையல் மெசினை எங்கடை அப்பா தூக்கிக்கொண்டு வந்தவர். நியாயத்தீர்ப்பு எங்களுக்கும் இருக்கு."

"இரும் பிள்ளை," என்றார் போதகர். நான் உட்காரவில்லை.

அப்பாவின் மானத்தைச் சந்திக்கு இழுத்துவிட்டேன் என்று கனடாவிலிருந்து கத்தினீர்கள். அந்த மெசினில் தைத்த சட்டையோடுதான் நீங்கள் விமானம் ஏறினீர்கள்.

நேற்று அதை, ரகீமா அக்கா துரத்தப்பட்டுப் போய்க் குடியேறிய புத்தளத்தில் அவரின் வாசலில் இறக்கி மன்னிப்புக் கேட்டேன். "முப்பத்தைஞ்சு வருசமா ஒருத்தரும் வரேல்லை," என்றார். மெசினை உள்ளே எடுத்தார், என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த மாதமும் போவேன். முடிந்தால் தடுத்துப் பாருங்கள்.

உங்கள் தங்கச்சி