சாம்பலை மண் என்று எழுதிய நாள்

இன்று காலை கருப்பட்டிக் காப்பியின் கடைசி மடக்கில் மணல் நறநறத்தது. மருமகள் பதறிப்போய் வேறு டம்ளர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த நறநறப்பில் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய், உன்னை எப்படித் துப்புவது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், உலகச் சண்டைக்கால அரிசித் தட்டுப்பாட்டில், புதிதாக எங்கே பயிர் வைக்கலாம் என்று மண் பார்த்து எழுத நம் இருவரையும் பெரியதாழைப் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டுக்கு அனுப்பினார்கள். சர்க்கார் விவசாய இலாகாவில் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள் நாம். ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி அதன் சுவரைப் பார்ப்போம். எங்கும் மேலிருந்து அடிவரை ஒரே செம்மணல். அடுக்கு பிரியாத மண்ணுக்கு எங்கள் பாஷையில் இளமண் என்று பெயர். 'இளமண், பயிருக்கு ஆகாது' என்று எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு பனங்காட்டுக் குழியில் மட்டும் செம்மணலுக்கு அடியில் கன்னங்கரேலென்று ஒரு பட்டை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இலையும் வேரும் மக்கி, மழைநீர் இறங்கி இறங்கி, நெடுங்காலம் பக்குவப்பட்டால்தான் மண் தனக்குள் அடுக்கு பிரியும். 'முதிர்ந்த மண். பனைகளை வெட்டிவிட்டுப் பயிர் வைக்கலாம்' என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

"இந்தப் பனங்காட்டுக்கார அம்மாட்ட ஒரு வார்த்தை கேப்போமே" என்றாய்.

"குழியப் பாத்த பெறவு அவங்ககிட்ட என்னலே கேக்க?" என்று எரிந்து விழுந்தேன்.

நீ கேட்டாய். பனங்காட்டுக்காரி குழியை எட்டிப் பார்த்தார். "அய்யா, இது எங்க மாமியா கருப்பட்டி காய்ச்சுன எடமுல்லா! அடுப்புச் சாம்பலு. காத்துல மணலு வந்து மூடிட்டு" என்று சிரித்தார். என் கையிலிருந்த தாளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. "பனைய வெட்டச் சொல்லி எழுதிட்டியளா?" அந்த மரங்களை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பு இல்லை.

எனக்கோ ரோஷம். இன்னொரு குழி வெட்டிப் பார்க்கலாம் என்று முனகினேன். நீ விடவில்லை. "ஏலே, சாம்பலுக்குப் பட்டம் குடுத்துட்டு என்னைய மொறைக்கியே. கிழிச்சுட்டு எழுது. பனை போச்சுன்னா, அங்கன நீ மொளச்சு நிப்பியா?"

கிழித்தேன். 'இளமண். காற்று கொண்டுவந்து போட்டது; தானாக அடுக்கு பிரியவில்லை. கறுப்புப் பட்டை அடுப்புச் சாம்பல்' என்று மாற்றி எழுதினேன். பனைகள் நின்றன. அந்த அம்மா கொடுத்த கருப்பட்டியை மணலோடு கடித்துவிட்டு, "இதுவும் இளமண்ணுதாம்லே" என்றாய். அலுவலகத்தில் என் அசட்டுத்தனத்தை நீ கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்காகவே உன்மேல் எனக்குப் பிரியம் அதிகம். அதன் பிறகு எந்த ஊரில் குழி வெட்டினாலும், அந்த இடத்துக்காரர்களிடம் கேட்காமல் நான் ஒரு வரி எழுதியதில்லை.

போன மாதம் கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கண் உன் குழியின் சுவருக்குப் போய்விட்டது. மேலிருந்து அடிவரை ஒரே மணல். உன் மனைவி கவனித்துவிட்டார்.

"என்னத்தப் பாக்கிய, அண்ணாச்சி?"

"மண்ணத்தான்" என்றேன், வெட்கத்தோடு.

அழுத கண்ணோடு சிரித்தார். "அவுக நின்னாலும் அதத்தான் பாத்திருப்பாக. என்ன மண்ணுன்னு சொல்லுங்க, கேட்டுக்கிடட்டும்."

குனிந்து உன்னிடம் சொன்னேன்: "இளமண்ணுதாம்லே."