தாளில் இரண்டு காற்று

ஃபால்மத், 3 மார்ச் 1908

மழை. மீன்காரி வரவில்லை. அண்ணன் தீட்டும் தன் கப்பலின் ஓவியம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கக் கேப்டன் நான்கெர்விஸ் வந்தார். கயிறுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு ஒரே சிரிப்பு.

"என்னய்யா ஜாஸ்பர், உன் கடல்ல ரெண்டு காத்தா அடிக்குது? பாயெல்லாம் முன்னால புடைச்சிருக்கு, கொடி பின்னால பறக்குது! என் ஆளுங்க எந்தப் பக்கம்தான் போவானுங்க?"

அண்ணனும் சிரித்தார். எதற்கென்று புரியாமல் சிரித்தார். அது எனக்கு மட்டும் தெரிந்தது.

5 மார்ச்

ஒரு பிழையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் இவர் பதினான்கு வயதில் கப்பலில் பாய் தைக்கப் போனவர். முப்பத்தைந்து வருடங்களாகக் கப்பல்களையே நீர்வண்ணத்தில் தீட்டுகிறவர். லண்டன் கண்காட்சியில் கடற்படைக்காரர்கள்கூடக் குறை சொன்னதில்லை.

குளிர்காலப் படங்களை இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நவம்பர் படத்தில் நீராவிப் படகின் புகை காற்றை எதிர்த்துப் போகிறது. ஜனவரியில் இன்னொன்று.

6 மார்ச்

அப்பாவுக்கும் சின்னதாகத்தான் தொடங்கியது. சாவி கொடுத்த கடிகாரத்துக்கே மறுபடி சாவி. பிறகு என் பெயர் மறந்துபோயிற்று. பிறகு ஜன்னலில் கம்பி போட்ட அந்த விடுதி —

இல்லை. எழுத மாட்டேன்.

9 மார்ச்

சோதித்தேன். "அண்ணா, இன்னிக்கு என்ன காத்து?"

"தென்மேற்கு. ஏன், துணி காயப் போடணுமா?"

சரியான விடை. நிம்மதி ஏன் வரவில்லை?

12 மார்ச்

நாளை கேப்டன் வருகிறார். மறுபடி சிரித்தால் துறைமுகம் முழுக்கச் சிரிக்கும். அப்புறம் யாராவது கரிசனத்தோடு மருத்துவரைக் கூட்டி வருவார்கள்.

அண்ணன் நடக்கப் போயிருந்தபோது கொடியை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, பாய் புடைத்த பக்கமே பறக்கும்படி நான் வரைந்தேன். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவள் நான்; கோணம் மட்டும் சரியாக வந்தது.

13 மார்ச்

"இப்பத்தான்யா காத்து ஒழுங்கா அடிக்குது!" படத்தை எடுத்துக்கொண்டு கேப்டன் போய்விட்டார்.

கதவைச் சாத்தியதும் அண்ணன் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கொடி தகரத்துல செஞ்ச மாதிரி இருக்கு, ஹெஸ்டர்."

நான் தூரிகைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடு. பஞ்சு தாளைக் கெடுத்துடும்."

ஆக, தன் தடுமாற்றம் அவருக்கே தெரியும். எத்தனை நாளாக?

2 ஏப்ரல்

காலையில் படகுத்துறைக்குப் போனோம். வெயில். பலகையில் புதுத் தாள். அண்ணன் விரலை நனைத்துத் தூக்கிப் பிடித்தார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

"எந்தப் பக்கம்மா?"

"தென்மேற்கு, அண்ணா."

தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்ன அம்பு ஒன்று போட்டார். பக்கத்தில் 'காற்று' என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே 'ஹெஸ்டர்' என்றும் எழுதினார்.

யாரிடம் கேட்பது என்று நினைவிருக்கவா, என் பெயர் நினைவிருக்கவா? தண்ணீர்க் கிண்ணத்தை அவர் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தேன்.